மான்கோவா, மாங்கோவா?

கேள்வி: கல்லூரி நாட்களிலிருந்து நாங்கள் ஆறு நண்பர்கள். கௌபாய் படம் என்றால் எல்லோருக்கும் உயிர். கிளின்ட் ஈஸ்ட்வுட் மாதிரி அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பேன் என்று எனக்கு 'மான்கோ' எனப் பட்டப்பெயர் வைத்தார்கள். போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் அதை 'மாங்கோ' என்று அடித்துவிட்டான். அன்றிலிருந்து நான் மாம்பழம். தினமும் காலையில் மல்கோவா படம் அனுப்புகிறார்கள். அந்தப் பெயர் எந்தப் படத்தில் வருகிறது என்று விளக்கி எழுதினேன். 'அந்த ஆளுக்குப் படத்தில் பெயரே கிடையாதே, இதில் எழுத்துப்பிழை வேறயா?' என்று ஒருவன் கேட்க, ஒரே சிரிப்பு. குழுவை விட்டு வெளியேறிவிடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம், இருங்கள். கடிதத்தைப் படித்தால், மாம்பழத்தைவிட அந்தக் கடைசிச் சிரிப்புதான் உங்களுக்கு அதிகம் வலித்திருக்கிறது என்று படுகிறது. நமக்குத் தெரிந்ததை ஆசையாகச் சொல்லும்போது நண்பர்களே சிரித்தால் சுருக்கென்றுதான் இருக்கும்.

நீங்கள் சொன்னது சரி. 'பெயரில்லாத மனிதன்' என்பது, ஈஸ்ட்வுட்டை வைத்து இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி எடுத்த மூன்று கௌபாய் படங்களும் 1967இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது அவர் பாத்திரத்துக்கு விளம்பரத்துக்காகச் சூட்டியது. படங்களுக்குள் ஈஸ்ட்வுட்டைக் கூப்பிடப் பெயர் உண்டு. 1964இல் வந்த முதல் படத்தில் சவப்பெட்டி செய்யும் கிழவர் 'ஜோ' என்பார். 1965இல் வந்த 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' படத்தில் மான்கோ. அடுத்த ஆண்டு வந்த மூன்றாவது படத்தில் டூக்கோ என்ற கொள்ளைக்காரன் வாய்க்கு வாய் 'பிளாண்டி' என்பான். மூன்றுமே மற்றவர்கள் கூப்பிடும் பெயர்கள்.

இன்னொன்று, உங்கள் பட்டப்பெயருக்கே நிலையான எழுத்து கிடையாது. இத்தாலியில் அது 'மோன்கோ', ஆங்கிலத்தில் 'மான்கோ'. ஒற்றைக் கையர் என்று பொருள். துப்பாக்கி எடுக்க வலது கை எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று மற்ற வேலைகளையெல்லாம் இடது கையால் செய்வார் இல்லையா, அதனால் வந்த பெயர். அது தமிழுக்கு வந்து உங்கள் நண்பரின் விரலில் 'மாங்கோ' ஆகியிருக்கிறது. 'ன்கோ' என்பதைவிட 'ங்கோ' நம் நாக்குக்கு எளிது. அவர் கேலிக்காக அப்படி அடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு வந்த மல்கோவாக்கள் வேண்டுமென்றே அனுப்பியவைதான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் உங்களுக்காக ஒரு மாம்பழப் படத்தைத் தேடி எடுத்து அனுப்புகிறவர், எழுந்ததும் உங்களைத்தான் நினைக்கிறார். இத்தனை வருஷம் கழித்து அப்படி நினைக்க ஆள் இருப்பது பெரிய விஷயம்.

அப்படியும் மனசு ஆறவில்லையென்றால், அந்த ஐந்து பேரில் உங்களுக்கு மிக நெருக்கமானவரைக் கூப்பிட்டு, 'எனக்கு நிஜமாகவே கஷ்டமாயிருந்ததுடா' என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். குழுவில் எழுத வேண்டாம், ஃபோனில் பேசுங்கள். எழுதினால் அதற்கும் ஒரு மாம்பழம் வரும், குரலில் சொன்னால் புரிந்துவிடும்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஒரு கேள்வி போடுங்கள். 1964 படம் முதலில் வெளியானபோது, டைட்டிலில் இயக்குநர் பெயர் என்ன? லியோனி என்றுதான் அடிப்பார்கள். 'பாப் ராபர்ட்ஸன்' என்று போட்டிருந்தது. லியோனியின் அப்பாவும் இயக்குநர். 'ராபர்ட்டோ ராபர்ட்டி' என்ற புனைபெயரில் படமெடுத்தவர். ராபர்ட்டின் மகன், ராபர்ட்ஸன். பதிலைச் சாயங்காலம் சொல்லுங்கள், கீழே 'மாங்கோ' என்று கையெழுத்துப் போட்டு.