பெட்டியில் 1000 வாட், சுவரில் 105: வீட்டுக் கஞ்சா வளர்ப்பு, கேள்வி-பதில்

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 முதல் வயதுவந்தோர் வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஒன்ராறியோவில் அதற்கு வயது 19. செடியைப் பற்றிக் கேட்பவர்களைவிட, செடிக்கென்று சாமான் வாங்கிக் காசைத் தொலைத்தவர்களே அதிகம் எழுதுகிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

அண்ணன், நான், தம்பி மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆளுக்கு 4 செடி என்று 12 வைக்கலாமா? (மார்க்கம்)

முடியாது. 4 என்பது வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல.

இணையத்தில் 89 டொலருக்கு “1000 வாட்” எல்ஈடி விளக்கு வாங்கினேன். செடி வளர்க்கும் கூடாரம் 120 செ.மீ. மூன்று கிழமையாகியும் கன்றுகள் நூல்போல நீண்டு சாய்கின்றன. விளக்குப் பழுதா? (ஸ்காபரோ)

விளக்கு பழுதில்லை. பெட்டியில் அச்சடித்த எண்தான் பொய். அந்தப் பலகையில் 100 எல்ஈடி இருக்கும். ஒவ்வொன்றும் 10 வாட் தாங்கக்கூடியது என்று சொல்லி, பெருக்கி 1000 என்று போட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும் மின்வழங்கி 100 வாட்டுக்குச் சற்று மேலே மட்டுமே கொடுக்கும். 25, 30 டொலருக்கு விற்கும் மின்மானியைச் சுவரில் சொருகி, அதில் விளக்கைச் சொருகிப் பாருங்கள். 105 என்று காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். என்னிடமும் “1500 வாட்” என்று விற்ற ஒன்று கிடக்கிறது. மானியில் 140ஐத் தாண்டியதில்லை. விற்றவர் அதற்குச் சொன்ன பதில் “ஈடான வாட்”. எதற்கு ஈடு என்று கேட்டேன். பதில் வரவில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு எண்ணைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது என்று தெரிந்தே இதைச் செய்கிறார்கள். இதை விளம்பரம் என்று விட்டுவிட என்னால் முடியாது, இது திருட்டு.

வாங்குமுன் மூன்று விடயம் பாருங்கள். முதலாவது, சுவரிலிருந்து இழுக்கும் உண்மையான வாட். இரண்டாவது, ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி என்ற எண், 2.5க்குக் கீழே இருந்தாலோ, எழுதவே இல்லை என்றாலோ விட்டுவிடுங்கள். கணக்கு எளிது. 60 × 60 செ.மீ. கூடாரம் 0.36 சதுர மீட்டர். 100 வாட்டை 2.5ஆல் பெருக்கினால் 250, அதை 0.36ஆல் வகுத்தால் ஏறத்தாழ 690. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் மைக்ரோமோல் ஒளி அது. சுவரில் படும் இழப்புப் போக 600 நிற்கும். கன்றுக்கு 200 முதல் 300 போதும், இலை விடும் காலத்தில் 400 முதல் 600, பூக்கும்போது 700 முதல் 900 வேண்டும். ஆகவே 60 செ.மீ. கூடாரத்துக்கு 100 முதல் 150 உண்மை வாட், உங்களுடைய 120 செ.மீ. கூடாரத்துக்கு 400க்கு மேல். கன்றுகள் நீள்வது ஒளியைத் தேடித்தான்.

மூன்றாவது, மின்பாதுகாப்புச் சோதனை முத்திரை: சிஎஸ்ஏ, அல்லது சிறிய ‘சி’ எழுத்துச் சேர்ந்த யூஎல், ஈரிஎல். ஐரோப்பாவின் சிஇ முத்திரை மட்டும் இருந்தால் ஒன்ராறியோவில் அது அங்கீகாரம் ஆகாது. நாளுக்கு 18 மணி நேரம், ஈரமான நிலவறையில் எரியப்போகும் பொருள். தீப்பிடித்தால் காப்புறுதிக்காரரும் முதலில் இதைத்தான் கேட்பார்.

கடனட்டையில் வாங்கியிருந்தால் விற்பனைப் பக்கத்தைப் படம் எடுங்கள், மானி காட்டும் எண்ணையும் எடுங்கள். “விவரித்தபடி பொருள் இல்லை” என்று முதலில் விற்றவருக்கு எழுத்தில் அனுப்பி, அவர் மறுத்தால் அட்டை நிறுவனத்திடம் போங்கள். அதுவரை அந்த விளக்கின் கீழ் கூடாரத்தின் நடுவில் ஒரு செடியை மட்டும் வையுங்கள்.

மொன்றியலில் இருக்கிறேன். எந்தக் கூடாரம் நல்லது?

எதுவும் வேண்டாம். மொன்றியல் இருக்கும் கியூபெக்கில் மாகாணச் சட்டப்படி வீட்டில் வளர்க்கத் தடை. 2023இல் கனடா உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது.

சமூக ஊடகத்தில் பார்த்த ஒருவரிடம் 10 பெண்விதைக்கு (பெண் செடியே வரும் என்று விற்கும் விதை) 120 டொலர் ஈ-ட்ரான்ஸ்ஃபர் செய்தேன். 6 விதை வந்தது. முளைத்தவை 3. பூக்கும் நேரத்தில் இரண்டு ஆண். இப்போது அவர் என்னைத் தடுத்துவிட்டார். வெட்கமாக இருக்கிறது. (பிரம்ரன்)

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. மூன்று மாதம் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்த பிறகே ஏமாற்று வெளியே தெரியும் என்பதால்தான் இந்த வியாபாரம் நிலைக்கிறது. காசு தானாக வரவாகும் கணக்குக்குப் போயிருந்தால் ஈ-ட்ரான்ஸ்ஃபரைத் திருப்ப முடியாது. ஆனாலும் வங்கிக்கு அறிவியுங்கள், உரையாடலைச் சேமித்துக் கனேடிய மோசடித் தடுப்பு மையத்தில் பதியுங்கள். ஆண் செடிகளை உடனே பிடுங்குங்கள். மகரந்தம் பரவினால் மிஞ்சிய பெண் செடியும் விதை கட்டிவிடும்.

அடுத்த முறை உரிமம் பெற்ற கடையிலோ, மாகாண அரசின் ஒன்ராறியோ கஞ்சாக் கடையின் இணையதளத்திலோ வாங்குங்கள். சட்டபூர்வமான விதை அங்கேதான் கிடைக்கும், பற்றுச்சீட்டும் இருக்கும். முதன்முறைக்கு ஓட்டோஃபிளவர் வகைப் பெண்விதை எடுங்கள். விதை போட்டதிலிருந்து அறுவடைவரை ஏறத்தாழ 10 முதல் 12 கிழமை. பூக்க வைப்பதற்கு ஒளி நேரத்தைக் குறைக்கத் தேவையில்லை. மற்ற வகைக்கு 12 மணி ஒளி, 12 மணி முழு இருட்டு. அந்த இருட்டில் ரைமரின் சின்ன விளக்கொளி கசிந்தாலே சில செடிகள் ஆண் பூவும் விடும்.

இலை மஞ்சளாகிறது. கடைக்காரர் சொன்னபடி கல்சியம்-மக்னீசியம் போத்தல், வேர் ஊக்கி, பூ ஊக்கி மூன்றும் வாங்கி ஊற்றினேன். நாள்தோறும் தண்ணீரும் விடுகிறேன். இன்னும் மஞ்சள். நாலாவதாக எது வாங்கலாம்? (ஏஜக்ஸ்)

எதையும் வாங்காதீர்கள். ஊற்றுவதை நிறுத்துங்கள். நாள்தோறும் நனையும் மண்ணில் காற்று இல்லை; மூச்சில்லாத வேர் எந்தப் பசளையையும் எடுக்காது. சாடியைக் கையால் தூக்கிப் பாருங்கள். இலேசாக இருந்தால் மட்டுமே தண்ணீர். சின்னக் கன்றுக்கு ஒரு தடவைக்கு 100 முதல் 200 மி.லீ., தண்டைச் சுற்றி. வளர்ந்த செடிக்கு, ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கு அடியால் வடியும் வரை. மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பேர்லைற் (மண்ணுக்குள் காற்றோட்டம் தரும் இலேசான வெள்ளைக் குறுணி) கலந்திருக்க வேண்டும். 11 லீற்றர் துணிச் சாடி போதும். ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் கல்சியம் ஏற்கெனவே போதியளவு உண்டு; மண்ணில் வளர்ப்பவருக்கு அந்த முதல் போத்தல் தேவையே இல்லை. செடி மஞ்சளானதும் ஏன் என்று பார்க்காமல் கடைக்கு ஓடுவது இந்தப் பகுதிக்கு எழுதுபவர்களிடம் ஓயாத பழக்கமாகிவிட்டது. திறக்காத போத்தல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கொண்டோவில் இருக்கிறேன். பூ விட்டதும் மணம் நடைபாதை வரை போகிறது. எந்த வாசனைத் தெளிப்பான் நல்லது?

முதலில் கொண்டோ விதிகளை வாசியுங்கள். கட்டட நிர்வாகமும் வாடகை ஒப்பந்தமும் வளர்ப்பதையே தடுக்கலாம். அனுமதி உண்டு என்றால் தெளிப்பானை விட்டுவிட்டுக் கரி வடிகட்டி வாங்குங்கள். 60 செ.மீ. கூடாரத்துக்கு 4 அங்குல வடிகட்டியும் அதே அளவுக் குழாய் விசிறியும் போதும். வடிகட்டியைக் கூடாரத்துக்குள்ளே உச்சியில் தொங்கவிட்டு, விசிறி அதனூடாகக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். வடிகட்டியின் கொள்ளளவு விசிறியினுடையதைவிடக் குறையக் கூடாது. ஓடும்போது கூடாரச் சுவர்கள் உட்பக்கமாகச் சற்று இழுபட்டிருந்தால் சரி. வெளியே உப்பினால் மணம் கசிகிறது. ஈரப்பதம் 70 வீதத்தைத் தாண்டினால் கரி சரியாக வேலை செய்யாது.

சென்னையில் இருக்கும் மச்சானுக்குப் பத்து விதை கொண்டுபோகலாமா?

ஒன்றும் கொண்டுபோகக் கூடாது. எல்லை தாண்டிக் கஞ்சா எடுத்துச் செல்வது கனடாவிலேயே குற்றம், விதையும் அதில் அடங்கும். இந்தியாவில் அதை வளர்த்தால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது.

அறுவடையை உணவு உலர்த்தும் இயந்திரத்தில் 60 பாகையில் காயவைத்தேன். மேலே நொறுங்குகிறது, போத்தலில் போட்டதும் உள்ளே ஈரமாகிச் சாம்பல் பூஞ்சை. வெட்டிவிட்டு மிச்சத்தை வைக்கலாமா?

வேண்டாம். பூஞ்சை கண்ணுக்குத் தெரியுமுன்பே உள்ளே பரவியிருக்கும். அந்தப் போத்தல் முழுவதையும் எறியுங்கள். அடுத்த முறை இருட்டில், 15 முதல் 20 பாகையில், 55 முதல் 60 வீத ஈரப்பதத்தில் தொங்கவிடுங்கள். 7 முதல் 14 நாள் எடுக்கும். சின்னக் காம்பு வளையாமல் முறிந்தால் தயார். கண்ணாடிப் போத்தலை முக்கால்வாசி நிரப்பி, முதல் கிழமை நாளுக்கு ஒரு தடவை பத்து நிமிடம் திறந்து வையுங்கள். பத்து டொலருக்கும் குறைவான ஈரமானி ஒன்றை உள்ளே போடுங்கள். 62க்கு மேல் போனால் மீண்டும் வெளியே எடுத்து உலர விடுங்கள்.

பிஎச் பேனா (தண்ணீரின் அமில, காரத் தன்மையை அளப்பது) ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டுகிறது.

பிஎச் 7.00, 4.01 என்று குறித்து விற்கும் திரவங்களில் அளவுதிருத்துங்கள். முனையை வடிநீரில் வைக்காமல் பொட்டாசியம் குளோரைட்டுச் சேமிப்புத் திரவத்தில் வையுங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் போத்தலை வாங்குங்கள். மண்ணுக்கு 6 முதல் 7 வரை இருந்தால் போதும், அதை அந்தப் போத்தலே காட்டிவிடும்.