169.254 முகவரி ஒரே கணினிக்கு மட்டும் வந்தால்

அலுவலகத்தில் உங்கள் கணினிக்கு மட்டும் 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரி வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த முகவரியைக் கொடுத்தது ரவுட்டர் அல்ல. கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராததால் விண்டோஸ் தானே போட்டுக்கொண்டது. அதனால் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சேவை), பிரவுசர் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

இருக்கை மாற்றிய பிறகுதான் இப்படி என்கிறீர்கள். அப்படியானால் எனக்குச் சந்தேகம் சுவிட்ச் போர்ட் மீதுதான், அதாவது உங்கள் கேபிள் போய்ச் சேரும் நெட்வொர்க் பெட்டியின் துளை மீதுதான். அது வேறு விலேனில், அதாவது அதே சுவிட்சில் தனியாகப் பிரித்துவைத்த வேறு நெட்வொர்க்கில் இருக்கலாம். கேபிள் முழுதாக அறுந்திருந்தால் விண்டோஸ் இணைப்பே இல்லை என்று காட்டியிருக்கும்.

1. நன்றாக ஓடும் பக்கத்துக் கணினியின் கேபிளை உங்கள் கணினியில் செருகுங்கள்.
2. கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் கட்டளையை ரிநியூவுடன் (ipconfig /renew) கொடுங்கள். சரியான முகவரி வந்தால் கோளாறு உங்கள் பழைய கேபிளிலோ போர்ட்டிலோதான். அப்போதும் வராவிட்டால் நெட்வொர்க் கார்டு, டிரைவரைப் பாருங்கள்.

சில அலுவலகங்களில் போர்ட் செக்யூரிட்டி, அதாவது அனுமதித்த கணினியை மட்டும் போர்ட்டில் ஏற்கும் ஏற்பாடு இருக்கும். புதுக் கணினியைச் செருகினால் போர்ட்டே அடைபட்டுவிடும். ஐடி ஆட்களிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.