வேக்போர்டிங் படகுக்கு எந்த ப்ரொப்பெல்லர்? வேகம் வேண்டும் என்று பிட்ச்சைக் கூட்டலாமா?

வாழப்பாடிக்காரத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அபுதாபியில் முதலாளியின் 22 அடி வேக்போர்டிங் படகை, அதாவது பலகையில் நிற்கும் ஆளைக் கயிற்றில் இழுத்துப் போகிற படகை, இவர்தான் பார்த்துக்கொள்கிறார். இன்போர்டு எஞ்சின், அதாவது படகுக்கு உள்ளேயே இருப்பது; ப்ரொப்பெல்லரில் 14.5 × 14.25 என்று அடித்திருக்கிறது, முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். படகைக் கனமாக்குகிற பேலஸ்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஐந்து பேர் ஏறிவிட்டால் படகு மந்தமாகிவிடுகிறதாம், முழு த்ராட்டில் கொடுத்தாலும் 4,700 ஆர்பிஎம்மைத் தாண்டுவதில்லையாம், ஆனால் எஞ்சின் கையேட்டில் 5,000 முதல் 5,400 வரை என்று போட்டிருக்கிறது. 16 பிட்ச் வாங்கிப் போட்டால் வேகம் கிடைக்குமா என்பது கேள்வி.

வாங்காதீர்கள் தம்பி. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: 12.25 அல்லது 12.5 பிட்ச்.

நான் துபாயில் ஒரு மெரினா ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் இந்த வேலைதான் பார்த்தேன். இப்போது சேலத்தில் போர்வெல் மோட்டார் வேலை. உங்களுக்கும் போர்வெல் தெரியும் என்பதால் அதிலிருந்தே சொல்கிறேன். 5 ஹெச்பி மோட்டாரில் ஸ்டேஜ் அதிகம் உள்ள பம்பை மாட்டினால் 800 அடியிலிருந்தும் தண்ணீர் ஏறும், ஆனால் கொஞ்சமாகத்தான் வரும். ஸ்டேஜ் குறைந்த பம்பு அதே ஹெச்பியில் குபுகுபுவென்று கொட்டும், ஆழத்துக்குப் போனால் மூச்சு முட்டி நின்றுவிடும். பிட்ச்சும் அப்படித்தான்: குறைந்த பிட்ச் ஸ்டேஜ் அதிகம் உள்ள பம்பு மாதிரி, கூடிய பிட்ச் ஸ்டேஜ் குறைந்தது மாதிரி. ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றினால் தண்ணீரில் எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பது பிட்ச், மரத்தில் திருகாணி இறங்குவது மாதிரி. பிட்ச் கூடினால் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் கூடும், எஞ்சின் தலையில் சுமையும் கூடும். உங்கள் எஞ்சின் ஏற்கனவே சுமை தாங்காமல் 4,700-இல் நிற்கிறது, அதன் மேல் 16-ஐ ஏற்றினால் இன்னும் கீழேதான் இறங்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு படகைக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். துபாய்க்குப் போன இரண்டாம் வருடம், ஒரு வாடிக்கையாளர் வேகம் போதவில்லை என்றார், நானும் இரண்டு அங்குலம் பிட்ச் கூட்டி மாட்டி, தொட்டிகளைக் காலியாக வைத்து நான் ஒருவன் மட்டும் ஏறி ஓட்டிப் பார்த்தேன், பறந்தது. மறுநாள் அவர்கள் தொட்டிகளை நிரப்பி ஆறு பேரோடு போனார்கள். கயிற்றின் முனையில் ஒரு பையன் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறான், த்ராட்டிலைத் தள்ளியதும் படகின் மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது, இறங்கவே இல்லை. பையனைத் தூக்கி நிறுத்துகிற இழுவை வரவில்லை, முகமெல்லாம் தண்ணீர் அடிக்க இழுபட்டுக் கடைசியில் கைப்பிடியை விட்டுவிட்டான். அடி எதுவும் படவில்லை. ஆனால் அன்று முதல் சோதனை ஓட்டம் என்றால் தண்ணீரும் ஆளும் முழுதாக ஏற்றித்தான். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, ஆயிரம் லிட்டர் நிரப்பினால் படகில் ஒரு டன் கூடிவிடுகிறது, அதை விட்டுவிட்டு எடுக்கிற எந்தக் கணக்கும் இந்த வேலைக்கு உதவாது.

பிட்ச்சில் ஒரு அங்குலம் குறைத்தால் முழு த்ராட்டில் ஆர்பிஎம் ஏறக்குறைய 200 கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 4,700-உடன் இரண்டு அங்குலத்துக்கு 400 சேர்த்தால் 5,100, கையேட்டு வரம்புக்குள் வந்துவிட்டது. மாட்டிய பிறகு இரண்டு தடவை பாருங்கள். முழு சுமையில் 5,000-ஐத் தொட வேண்டும், தொட்டிகள் காலியாக இருக்கும்போது 5,400-க்கு மேல் ஓடக் கூடாது. காலிப் படகில் ஆர்பிஎம் அதைத் தாண்டினால் த்ராட்டிலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம், சுமையில் ஏறாவிட்டால்தான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

டாப் ஸ்பீடு குறையுமே என்று முதலாளி கேட்பார். குறையலாம். வேக்போர்டிங்குக்கு மணிக்கு 30 முதல் 38 கிலோமீட்டர் போதும், படகு எழுப்பும் அலையில் சறுக்குகிற வேக்சர்ஃபிங் என்றால் 16 முதல் 20 தான். 60-இல் போகிற படகின் பின்னால் யாரும் பலகையில் நிற்கப் போவதில்லை. இங்கே வேண்டியது ஆளைச் சட்டென்று தூக்கிவிடும் இழுவை, அப்புறம் அதே வேகத்தில் அசையாமல் ஓடுவது. எஞ்சின் எவ்வளவு கூடச் சுற்றும் என்று கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கியர் 1.46-க்கு 1 என்றால், எஞ்சின் 3,000 சுற்றும்போது ப்ரொப்பெல்லர் 2,055 சுற்றுகிறது. 14.25 அங்குலம் 36.2 சென்டிமீட்டர், பெருக்கினால் மணிக்கு 44.6 கிலோமீட்டர் வர வேண்டும். நிஜத்தில் 36 தான் ஓடுகிறது என்றால் சுமார் 19 சதவீதம் வழுக்கலில் போகிறது. மேட்டூர் பக்கம் பண்ணவாடியில் பரிசல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள், துடுப்பை வாரி இழுக்கிற தூரம் முழுவதும் பரிசல் நகர்வதில்லை, தண்ணீரும் கொஞ்சம் நழுவுகிறது, அதே வழுக்கல்தான். 12.25-க்கு மாறினால், வழுக்கல் அதே அளவு என்று வைத்துக்கொண்டால், அதே 36-க்கு எஞ்சின் ஏறக்குறைய 490 சுற்று கூட ஓடும், சத்தம் கொஞ்சம் ஏறும். சுமையில் திணறிக்கொண்டு ஓடுவதைவிட அது எஞ்சினுக்கு எவ்வளவோ நல்லது.

விட்டம் 14.5-லேயே இருக்கட்டும். பெரிதாக்கினால் பிளேடு நுனிக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் நடுவே இடம் குறைந்து அதிரும். மூன்று பிளேடா நான்கா என்றால் இந்த வேலைக்கு நான்கு, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பிளேடின் பின் விளிம்பில் லேசாக உள்ளே மடிந்திருக்கும் பாருங்கள், அதுதான் கப், விரலை ஓட்டினால் தெரியும். அது தண்ணீரைக் கவ்விப் பிடிக்கும், பிட்ச் கொஞ்சம் கூட்டியது போல வேலை செய்யும், அதனால் பழையதைவிடக் கப் அதிகமாக உள்ளதை எடுத்தால் நீங்கள் குறைத்த பிட்ச்சில் ஒரு பங்கு திரும்ப வந்துவிடும். இடப்பக்கச் சுற்றா வலப்பக்கச் சுற்றா என்பதும், ஷாஃப்ட் துளை அளவும் பழையதில் இருப்பதேதான் வேண்டும். இன்போர்டுக்கு நிக்கல் வெண்கலத்தில் சி.என்.சி.-யில் கடைந்தது கிடைக்கும், விலை கூட, ஆனால் பிளேடுக்குப் பிளேடு வித்தியாசம் இருக்காது.

காசு போடுவதற்கு முன்னால் படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, இப்போது இருக்கும் ப்ரொப்பெல்லரின் விளிம்புகளை ஒரு தடவை தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவு ஒரு நெளிவு இருந்தாலே படகு அதிரும், இழுவை போகும், ஷாஃப்ட் பேரிங் தேயும். சில சமயம் செலவு அந்த நெளிவை எடுப்பதோடு முடிந்துவிடும்.

மாட்டுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கழற்றும்போது சுத்தியலை எடுக்காதீர்கள், புல்லர் என்கிற இழுப்புக் கருவியைப் போட்டு இழுங்கள். ஷாஃப்டின் டேப்பரை, அதாவது கூம்பு போல ஒடுங்கும் முனையைத் துடைத்துவிட்டு, முதலில் கீ (ஷாஃப்டையும் ப்ரொப்பெல்லரையும் சேர்த்துப் பிடிக்கிற சின்ன உலோகக் கட்டை) இல்லாமல் புதியதை ஏற்றி, எதுவரை போய் உட்காருகிறது என்று பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் கீ போட்டு ஏற்றுங்கள். அதே கோடு வரை போக வேண்டும். போகவில்லை என்றால் கீ மேலே தூக்கிப் பிடிக்கிறது, அரம் வைத்துக் கொஞ்சம் ராவினால் சரியாகிவிடும். முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டை இன்னொரு தடவை இறுக்கி, நட் கழலாமல் பிடிக்கிற காட்டர் பின் புதிதாகப் போடுங்கள்.

முதலாளி கோடையில் படகை மலை ஏரி எங்காவது கொண்டு போகிறவராக இருந்தால் இன்னொரு விஷயமும் உண்டு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். நம் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர், அந்த உயரத்தில் 15 சதவீதம் போய்விடும். அமெரிக்காவில் தாஹோ ஏரி 1,897 மீட்டரில் இருக்கிறது, அந்த மாதிரி இடங்களில் ஓட்டுகிறவர்கள் பிட்ச் இன்னும் குறைந்ததாக மாற்றிக்கொள்கிறார்கள். அபுதாபி கடல் மட்டம், உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பழைய 14.25-ஐ விற்றுவிடாதீர்கள். தட்டி நேராக்கி, புல்லர், ஒரு நட், கீ, இரண்டு காட்டர் பின்னோடு சேர்த்துச் சாக்கில் சுற்றிப் படகிலேயே வையுங்கள். புதியது பாறையில் பட்டு வளைந்த அன்று வீடு திரும்ப அது போதும்.