காது பழகும், நாக்கு மெதுவாக வரும்

அன்புள்ள ஐயா,

பணி மாற்றலாகிக் குடும்பத்தோடு வேறொரு வட்டாரத்துக்கு வந்திருக்கிறோம். மொழி என்னவோ அதேதான். ஆனால் அலுவலகத்தில் மூன்று பேர் சேர்ந்து பேசினால் எனக்குப் பாதிகூடப் பிடிபடுவதில்லை. எத்தனை முறைதான் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று கேட்பது? நான் வாயைத் திறந்தாலோ அவர்களுக்குச் சிரிப்பு. பத்து வயது மகள் அதற்குள் இந்த ஊர்ப் பெண்ணாகவே பேசுகிறாள். நானும் அப்படிப் பேசப் பழக வேண்டுமா? அது நடிப்பாகிவிடாதா?

ச.

அன்புள்ள ச.,

கேட்பதும் பேசுவதும் வெவ்வேறு பிரச்சினைகள். முதலாவதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பழக்கமில்லாத உச்சரிப்பைக் கேட்கும்போது முதலில் தடுமாறும் காது, ஒரே நிமிடத்துக்குள் கணிசமாகத் தேறிவிடுகிறது என்று 2004-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அங்கே பேசியவர் ஒருவர், சூழலும் அமைதியானது. மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசும் இடம் வேறு. அதனால் ஓயாமல் பேசும் சகா ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்.

‘என்ன சொன்னீர்கள்?’ என்பதை விட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டால் அதே வாக்கியம் அதே வேகத்தில், இன்னும் உரக்க வரும். ‘கோப்புகளை நாளைக்கு யாரிடம் கொடுக்கச் சொன்னீர்கள்?’ என்று புரிந்ததைச் சொல்லி, விட்டுப்போன இடத்தை மட்டும் கேளுங்கள். பதில் ஒரே சொல்லாக, தெளிவாக வரும்.

நாக்கின் கதை வேறு. கனடாவிலிருந்து தெற்கு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளின் பேச்சை ஆராய்ந்து மொழியியலாளர் ஜாக் சேம்பர்ஸ் 1992-ல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பிள்ளைகள் புதிய ஊரின் சொற்களை விரைவில் எடுத்துக்கொண்டார்கள்; உச்சரிப்பு பின்தங்கியே வந்தது. பதின்பருவத்தின் கடைசியில் இருந்தவர்களுக்கு அது இன்னும் கடினம். உங்கள் மகளோடு நீங்கள் போட்டி போட முடியாது. போடவும் வேண்டாம்.

நடிப்பா என்று கேட்கிறீர்கள். சொற்களை எடுத்துக்கொள்வது நடிப்பில்லை. ஒரு பொருளுக்கு அங்கே வழங்கும் பெயரைச் சொன்னால்தான் வேலை நடக்கும். இழுப்பையும் ராகத்தையும் வலிந்து பிடிக்கப் போனால்தான் வம்பு. அரைகுறையாக வரும், கேட்பவர்களுக்குக் கேலி செய்வதுபோல் படும். அதைத் தானாக வரும்வரை விட்டுவிடுங்கள். வராவிட்டாலும் குடி முழுகிவிடாது. அவர்களுடைய சிரிப்பும் பெரும்பாலும் புதுமைக்கான சிரிப்புதான். நீங்களும் சேர்ந்து சிரித்தால் சீக்கிரம் ஓயும். திரும்பத் திரும்ப ஒருவரே சீண்டினால் அது உச்சரிப்புப் பிரச்சினை அல்ல, அவருடைய குணம்.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் உண்மையில் கடினம்: எப்போது பேச வேண்டும் என்பது. 1978-ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு விருந்துப் பேச்சைப் பதிவுசெய்து மொழியியலாளர் டெபோரா டானன் நுணுக்கமாக ஆராய்ந்தார். நியூயார்க்கிலிருந்து வந்தவர்கள் அடுத்தவர் முடிக்கும் முன்பே பேச்சில் புகுந்தார்கள், கேள்விகளை அடுக்கினார்கள். அவர்களுக்கு அது ஆர்வத்தின் அடையாளம். மற்றவர்களோ தாங்கள் வாய் திறக்க இடைவெளி வருமென்று காத்திருந்தார்கள், வரவில்லை. இத்தனைக்கும் எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். இதில் யாருக்கும் மரியாதை தெரியாமல் இல்லை. அங்கே மௌனத்துக்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள், மறுப்பை நேராகச் சொல்கிறார்களா, சுற்றி வளைக்கிறார்களா என்று சில வாரங்கள் கவனியுங்கள். ‘பார்க்கலாம்’ என்றவர் உண்மையிலேயே பார்க்கிறாரா, அத்தோடு பேச்சை முடித்துவிட்டாரா என்பது அகராதியில் இருக்காது.

மகள் வீட்டில் ஒரு மாதிரியும் தோழிகளிடம் ஒரு மாதிரியும் பேசுவாள். அது அவளுக்குச் சுமையில்லை. உறவினர்கள் வரும்போது அவளை நடுக்கூடத்தில் நிறுத்தி, ‘எங்கே, அந்த ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.