அடியில் படுத்துப் பாருங்கள்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

மண் பாதையில் ஓட்டுவதற்குப் பழைய பைக் வாங்குவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் ஒருவருக்குச் சொல்வதை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

*

ஐயா, 2012-ஆம் ஆண்டு ஹீரோ இம்பல்ஸ் ஒன்று எங்கள் ஊரில் 40,000 ரூபாய்க்கு வருகிறது. எஞ்சினைப் பிரித்ததே இல்லை என்கிறார் வைத்திருப்பவர். என் நண்பனோ 85,000 ரூபாய்க்கு வரும் 2019 எக்ஸ்பல்ஸ் 200-ஐ வாங்கச் சொல்கிறான். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். எதை வாங்கலாம்? – ஒரு வாசகர், ஆத்தூர்

தம்பி, எஞ்சினைப் பிரித்ததே இல்லை என்று சொல்லாமல் பைக் விற்றவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பிரித்திருந்தால் குற்றமும் இல்லை, சரியாகச் சேர்த்தார்களா என்பதுதான் விஷயம். எஞ்சின் மூடிகளில் இருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள். முனை மழுங்கி, ஓரத்தில் பசை பிதுங்கியிருந்தால் அவர் சொன்னதை அப்படியே அவரிடமே விட்டுவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இம்பல்ஸ் நல்ல பிறப்பு. பிரேசிலில் ஹோண்டா விற்ற என்.எக்ஸ்.ஆர். 150 பிராஸ் வண்டியை அடியொற்றி, 2011-இல் ஹீரோ இங்கே கொண்டுவந்தது. 149.2 சிசி, முன்னால் 19 அங்குலச் சக்கரம், தரையிலிருந்து 245 மில்லிமீட்டர் உயரம், எடை 134 கிலோ. அன்றைக்கு வாங்க ஆள் இல்லாமல் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. இன்று தேடுகிறார்கள். எஞ்சின் ஹீரோவின் சாலை வண்டிகளான ஹங்க், சி.பி.இசட். எக்ஸ்ட்ரீம் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் பிஸ்டன், கிளட்ச் பிளேட் போன்றவற்றுக்கு அதிகம் அலைய வேண்டாம். அழ வைப்பது மேலே இருக்கும் சாமான்கள்தான். டேங்க் ஓரப் பிளாஸ்டிக், ஹெட்லைட் முகப்பு, மீட்டர், பக்கவாட்டு மூடி எல்லாம் உடைந்தால் உடைந்ததுதான். எனவே உடம்பு முழுசாக இருக்கும் வண்டியாகப் பாருங்கள். எஞ்சின் கொஞ்சம் புகைத்தாலும் சரிசெய்துவிடலாம். எஞ்சின் மணி போல ஓடி, பாதிப் பிளாஸ்டிக் இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் சூடேறுவதற்கு முன் போங்கள். நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், ஆறட்டும் என்று உட்கார்ந்து டீ குடியுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அது கார்புரேட்டரோடு முடிகிற வேலை.

அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். நான் பழைய மண் வண்டியை எடைபோடுவது இங்கேதான். ஃபில்டரை எடுத்துவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலை விட்டுத் துடையுங்கள். துணி வெறும் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் நிம்மதி. செம்மண் ஒட்டி, விரல்களுக்கிடையில் தேய்த்தால் நறநறவென்றால், அந்த மண் பிஸ்டன் வரை போய்ச் சிலிண்டரைத் தின்றிருக்கிறது. அப்போது சிலிண்டரைக் குடைந்து (பட்டறையில் 'போர் செய்வது' என்பார்கள்) பிஸ்டன் மாற்றும் செலவைக் கணக்கில் வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

பிறகு கூச்சப்படாமல் அடியில் படுத்துப் பாருங்கள். எஞ்சின் அடிப்பகுதியில் வெல்டிங் தழும்பு, ஆயில் வடிக்கும் போல்ட்டைச் சுற்றி விரிசல், சேஸிஸ் குழாயில் நசுங்கல் இருக்கிறதா? ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது முட்டி நிற்கும் இடத்தில் உள்ள இரும்புக் குமிழைப் பாருங்கள். ஒரு பக்கக் குமிழ் மட்டும் வளைந்தோ நசுங்கியோ இருந்தால் பலமாக விழுந்த வண்டி. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஃபோர்க் கால்களை முன்னும் பின்னும் அசையுங்கள், லொடலொடத்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போயிருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால், அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஸ்பேனரால் கம்பிகளைத் தட்டிக்கொண்டே போங்கள். மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்தது. கோன் செட்டுக்கும் புஷ்ஷுக்கும் பயப்பட வேண்டாம், விலை குறைக்கத்தான் அவை உதவும். சேஸிஸ் வளைந்த வண்டி மட்டும் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

காகிதம்: சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் கடன் ஏறியிருந்தால், அது அடைந்ததைக் காட்டும் படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. 2012 வண்டிக்கு 2027-இல் 15 ஆண்டு முடிகிறது. அதன்பின் தகுதிச் சோதனைக்கு நிறுத்தி 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்த அலைச்சலும் விலையில் ஒரு பகுதி.

எக்ஸ்பல்ஸ் 2019 மே மாதம் வந்தது. 199.6 சிசி, முன்னால் 21 அங்குலம், பின்னால் 18. கல்லிலும் மணலிலும் அது இம்பல்ஸைவிட ஒரு படி மேல், மறுக்கவில்லை. சாமானும் எளிதாகக் கிடைக்கும். ஞாயிறு ஒருநாள் ஓட்டினால் போதும், கையில் கிரீஸ் படக்கூடாது என்றால் நண்பன் சொல்வதே சரி. நீங்களோ ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்கிறீர்கள். அந்த இம்பல்ஸின் உடம்பு முழுசாக இருந்து, விலை 32,000-க்குப் பக்கத்தில் இறங்கினால் அதையே வாங்குங்கள். மீதிப் பணத்துக்கு வேலை காத்திருக்கிறது.

*

மூன்று ஆண்டுகள் கொட்டகையில் நின்ற இம்பல்ஸை வாங்கிவிட்டேன். முதலில் பெயிண்ட், ஸ்டிக்கர், எல்.இ.டி. விளக்கு, பிறகு எஞ்சின் என்று திட்டம். சரிதானே? – ஒரு வாசகர், திண்டுக்கல்

அப்படியே தலைகீழாகப் போடுங்கள், சரியாக வரும்.

ஆசையில் உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி குடித்தனம் நடத்தியிருக்கும், அதைக் காலி செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பழைய ஆயிலை வடித்துப் புதியது ஊற்றுங்கள்.

டேங்கில் இருக்கும் பெட்ரோல் இப்போது பெட்ரோலே இல்லை. எத்தனால் கலந்த எரிபொருள் ஈரத்தை இழுக்கும், டேங்க் அடியில் தண்ணீர் தங்கித் துருவேறும். வடித்துவிட்டு வினிகரை நிரப்பி, ஒரு கைப்பிடி பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றிரண்டு நாள் ஊறிய பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் ஈரமில்லாமல் காய வைத்து, உடனே உள்ளே எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். காய்ந்த டேங்க் வெறுமனே நின்றால் மறுபடி துருப்பிடிக்கும். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டைத் திருகுகளான ஜெட்டுகளைச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது, ஜெட் ஓட்டை பெரிதாகிவிடும். பெட்ரோல் ரப்பர் குழாய்களை யோசிக்காமல் மாற்றுங்கள்.

அடுத்து பிரேக். பிறகு அசைகிற இடங்கள் எல்லாம்: கோன் செட், சக்கர பேரிங்குகள், ஸ்விங் ஆர்ம் புஷ். ஸ்விங் ஆர்ம் போல்ட் இறுகியிருந்தால் சுத்தியலை எடுக்கும் முன் துரு எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். ஃபோர்க் ஆயில் சீலை மாற்றும்போது குழாயில் துருப்புள்ளி இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் புதுச் சீலும் சில வாரத்தில் ஒழுகும். ஃபோர்க் ஆயிலை இரண்டு பக்கமும் அளவுக் குவளையில் அளந்து சமமாக ஊற்றுங்கள், கண் திட்டம் உதவாது.

சக்கரக் கம்பி இழுக்கத் தெரிந்த கையைத் தேடிப் போங்கள். எல்லா வண்டியும் அலாய் வீலுக்கு மாறிய பிறகு அந்தக் கைகள் குறைந்துவிட்டன. உங்கள் ஊரில் பழைய சைக்கிள் கடைப் பெரியவர் யாராவது இருந்தால் அவரிடமே கொடுங்கள். முன் டயர் 90/90-19. பழைய புல்லட் வகை வண்டிகள் பலவற்றுக்கும் அதே அளவு என்பதால் சாலை டயர் எளிதாகக் கிடைக்கும், கட்டை வைத்த மண் டயருக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டும்.

செலவில்லாத இரண்டு வேலைகள். கிளட்ச், பிரேக் பிடிகளின் கிளாம்புக்கு அடியில் டெஃப்லான் டேப் சுற்றி, போல்ட்டை அளவாக மட்டும் முடுக்குங்கள். வண்டி விழுந்தால் பிடி உடையாமல் சுழன்று கொடுக்கும். உபரி கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு சேர்த்து ஓட்டி டேப் போட்டு வையுங்கள். காட்டோரத்தில் கேபிள் அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றிவிட்டுக் கிளம்பலாம்.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஓட்டிய பிறகும் கையில் பணம் இருந்தால் பெயிண்ட். எப்படியும் முதல் வாரத்திலேயே கீறப் போகிறீர்கள். இன்னொன்று, மண்ணில் ஓட்டிவிட்டு நேராக வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள். அந்த வேகத் தண்ணீர் பேரிங் சீலுக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்துவிடும். வாளியும் துணியும் போதும்.

*

என் இம்பல்ஸில் யமஹா ஆர்.எக்ஸ். 100 போலச் சத்தம் வர என்ன சைலன்சர் போடலாம்? – ஒரு வாசகர், கரூர்

அது இரண்டு ஸ்ட்ரோக், உங்களுடையது நான்கு ஸ்ட்ரோக். எதைப் போட்டாலும் அந்தச் சத்தம் வராது, அபராதம்தான் வரும்.

*

அண்ணா, என் உயரம் 5 அடி 1 அங்குலம். எக்ஸ்பல்ஸ் வாங்க ஆசை. ஷோரூமில் உட்கார்ந்து பார்த்தபோது கால் எட்டவில்லை. வண்டியைத் தாழ்த்திக்கொள்ளலாமா? – ஒரு வாசகி, பொள்ளாச்சி

அம்மணி, அந்த சீட் 820 மில்லிமீட்டருக்கு மேல் உயரம், இரண்டு காலும் ஊன்ற முடியாதுதான். ஊன்ற வேண்டியதும் இல்லை. நிறுத்தும்போது இடுப்பைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி இடது பாதத்தை முழுசாக ஊன்றுங்கள், வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். சரிவில் மேட்டுப் பக்கக் காலை ஊன்றப் பார்த்து நிறுத்துங்கள்.

தாழ்த்துவதற்கு முன் சீட் தைப்பவரிடம் போய், பஞ்சின் உயரத்தை விட்டுவிட்டு முன்பக்க ஓரங்களை மட்டும் செதுக்கச் சொல்லுங்கள். தொடை விரிவது குறைந்தாலே கால் கணிசமாகக் கீழே போகும். பின் ஷாக்கை மென்மையான அளவுக்குத் திருப்பி வையுங்கள். இதற்கு மேலும் தாழ்த்தினால் முன்னும் பின்னும் சமமாகத் தாழ்த்த வேண்டும், சைடு ஸ்டாண்டையும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திய வண்டி எதிர்ப்பக்கம் சாயும். கல்லில் அடி தட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலில் பழக வேண்டியது விழுந்த வண்டியைத் தூக்குவது. வண்டி 150 கிலோவுக்கு மேல். குனிந்து கையால் இழுத்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை விரித்து, கியரில் போட்டு, முதுகை சீட்டுக்குக் கொடுத்து, ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் பின் கம்பியைப் பிடித்து, காலால் உந்திச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். புல் தரையில் வேண்டுமென்றே படுக்க வைத்துப் பழகுங்கள்.

*

ஜவ்வாது மலை எங்களுக்குப் பக்கம். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைகள் நிறைய இருக்கின்றன. தாராளமாக ஓட்டலாம் அல்லவா? – நான்கு நண்பர்கள், ஆலங்காயம்

கூடாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு வரும். வண்டியைப் பறிமுதல் செய்தால் நான் சொன்ன கோன் செட்டெல்லாம் அங்கேயே துருப்பிடிக்கும். சட்டத்தை விடுங்கள், வெயில் காலத்தில் சூடான சைலன்சரைக் காய்ந்த புல்லில் சாய்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மலை ஏறும் தார்ச் சாலையிலிருந்து ஊர்களுக்குப் பிரியும் பஞ்சாயத்து மண் சாலைகள் இருக்கின்றன. அடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவரிடம் கேட்டு, அறுவடை முடிந்த பிறகு ஓட்டலாம். கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் வற்றிய ஏரியின் உட்பகுதியில் ஊராரிடம் சொல்லிவிட்டு ஓட்டுங்கள், கரைமேல் மட்டும் ஏறாதீர்கள். டயர் போட்ட தடத்தில் மழைத் தண்ணீர் இறங்கிக் கரையை அரித்துவிடும். மண்ணில் இறங்கும் முன் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் கல்லில் அடித்து டியூப் இரண்டு இடத்தில் கிழியும். தார்ச் சாலைக்குத் திரும்பும் முன் காற்று நிரப்பக் கைப் பம்பு வேண்டும். நால்வரில் ஒருவராவது கொண்டுபோங்கள்.

கடற்கரையில் ஓட்டலாமா என்று நாகப்பட்டினத்திலிருந்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். ஆண்டின் முதல் மாதங்களில் ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மணல் அது. உப்புக் காற்றும் தண்ணீரும் சக்கரக் கம்பிகளை எப்படித் தின்னும் என்பது மீன் ஏற்றும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும்.

*

ஜப்பான் டர்ட் பைக், நம்பர் பிளேட் இல்லை, ஆர்.சி. இல்லை, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார்கள். பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். நம்பலாமா? – ஒரு வாசகர், ஓசூர்

நம்ப வேண்டாம். பந்தயத் தளத்துக்கென்றே வரும் வண்டிகள் அவை. விளக்கு, இண்டிகேட்டர், மாசுச் சான்று எதுவும் இல்லாததால் சாலைக்குப் பதிவாகாது. ட்ரக்கில் ஏற்றி வேலி போட்ட தளத்துக்குக் கொண்டுபோய் மட்டும் ஓட்டுவேன் என்றால் வாங்கலாம். அப்போதும் சுங்க ரசீதும் முதல் விற்பனை ரசீதும் கையில் வர வேண்டும். அசல் எண்டூரோ வண்டிதான், அதாவது கரடுமுரடான பாதைக்கென்றே செய்ததுதான் வேண்டும் என்றால் சாலையில் ஓட்டும்படி பதிவாகிற கே.டி.எம். 390 எண்டூரோ ஆர் 2025-இல் வந்திருக்கிறது. விலைதான் வந்தபோதே மூன்று லட்சத்துக்கு மேல். இரண்டு மூன்று ஆண்டு போகட்டும், வாங்கிய ஆசையில் ஓட்டாமல் நிறுத்தி வைத்தவர்கள் விற்க வருவார்கள். அப்போது வெள்ளைத் துணியோடு போய்ப் பாருங்கள்.