சின்னத் துப்பாக்கிதான் கையை உதைக்கும்

டெக்சாஸில் இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள ரூகர் எல்சிபி என்ற சின்னக் கைத்துப்பாக்கி (.380 தோட்டா) வாங்கவா, சற்றுப் பெரிய கிளாக் 43எக்ஸ் (9 எம்எம் தோட்டா) வாங்கவா, மணிக்கட்டில் பலமில்லை என்று கேட்டிருந்தீர்கள். சின்னது மெதுவாக உதைக்கும் என்பது தப்புக்கணக்கு. எல்சிபி 300 கிராம்கூட இல்லை. உதை அப்படியே உள்ளங்கையில் இறங்கும், சுண்டுவிரலுக்குப் பிடிமானமும் கிடையாது. என் ஓட்டு 43எக்ஸுக்கு. 10 தோட்டா பிடிக்கும், கனம் கூடுதல் என்பதால் உதையும் குறையும். எஃப்பிஐயே .40 தோட்டாவை விட்டு 9 எம்எம்முக்குத் திரும்பிவிட்டதே! ஸ்லைடை (தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பகுதி) இழுக்கவே முடியவில்லை என்றால் மட்டும், இழுக்கச் சுலபமான ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஸி .380 பாருங்கள். எதுவானாலும் சுடும் பயிற்சி ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து 50 ரவுண்டு சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். துப்பாக்கி உறையில் கஞ்சத்தனம் வேண்டாம். அது ட்ரிகரை முழுசாக மூடவேண்டும்.

ஆமாம், நீங்கள் எச்1பி விசாவா? அப்படியென்றால் கடைக்குப் போகுமுன் வக்கீலைப் பாருங்கள். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாவில் இருப்பவரைத் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் விடாது.