கேளுங்கள்... சொல்கிறேன்!

கேள்வி: சமீபத்தில் இணையத்தில் மேய்ந்தபோது உங்களை அசத்தியது?

பதில்: ஒரு தேநீர் கூஜா. சிரிக்காதீர்கள்! 1975-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கணினி வரைகலை ஆய்வாளர் மார்ட்டின் நியூவெல், கணினியில் வரைந்து பார்க்க ஏதாவது ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். ‘நம் வீட்டுக் கூஜாவை வரையுங்களேன்’ என்றார் மனைவி. கிராஃப் தாளில் வரைந்து, புள்ளிகளைக் கணினிக்குக் கொடுத்தார். உப்பிய வயிறு, ஓட்டையுள்ள கைப்பிடி, வளைந்த மூக்கு, தன் மேலேயே விழும் நிழல்... முப்பரிமாண வரைகலைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆளாளுக்கு அதையே வரைந்து தங்கள் மென்பொருளைச் சோதித்தார்கள். ‘டாய் ஸ்டோரி’ அனிமேஷன் படத்தில்கூட அது தலைகாட்டுகிறது.

அசல் கூஜா இப்போது கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில். அதன் புகைப்படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அதிர்ச்சி. திரையில் பார்த்துப் பழகியது குட்டை. நிஜம் நல்ல உயரம்! இத்தனை வருடமாக அமுக்கப்பட்ட கூஜாவையா ரசித்தேன்? அன்றிரவு மூன்று மணி நேரத் தூக்கம் காலி.

கேள்வி: மின்னஞ்சல் முகவரிக்குள் ‘@’ எப்படி வந்தது?

பதில்: 1971-ல் மின்னஞ்சல் முன்னோடியான பொறியாளர் ரே டாம்லின்சன் தேர்ந்தெடுத்தார். ஆளின் பெயரையும் அவருடைய கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி வேண்டும்; யாருடைய பெயரிலும் ‘@’ வராதே!